வீடா, இல்லமா, சொந்த உதவியாளரா? பல சிக்கல்கள் சேர்ந்தவருக்கு எந்தப் பராமரிப்பு பொருந்தும்

என் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரை ஏறும். அதற்கென்று உள்ள பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோய் முன்பே இருந்தது. அதன்மேல் எப்போதாவது வலிப்பும் வரத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாள் நெருங்கியபோது குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்கு வந்தது: வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதா?

மூன்று வருடங்களில் பல ஏற்பாடுகளை மாற்றிப் பார்த்துவிட்டோம். இன்று யாராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்டால், இடத்தைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. அவரை நன்றாகத் தெரிந்த ஆள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பக்கத்தில் இருக்கப்போகிறார்? அந்த ஆள் ஒரு நாள் வராவிட்டால், இன்னொருவரைக் கொண்டுவருவது யார் பொறுப்பு? கீழே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

தெரிந்த ஆள் என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஒரே நோய் என்றால் அதற்குரிய வைத்தியரும் மருந்தும் போதும். நாலைந்து சேர்ந்துவிட்டால் ஒன்று இன்னொன்றுக்குள் ஒளிந்துகொள்ளும். டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள முதியவருக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ வெளியே தெரியாமல் போகலாம். திடீரென்று குழம்புவார், கத்துவார், ஆளை அடிக்கக் கை ஓங்குவார். புதிதாக வந்த ஆளுக்கு அது ‘மறதி முற்றிவிட்டது’ என்று தோன்றும். அமைதிப்படுத்த மாத்திரை கொடுப்பார்கள். அரைத்தூக்கத்தில் விழுங்கும் திறன் இன்னும் குறையும். வாயில் போனது நுரையீரலுக்குள் இறங்கும். நிமோனியாவாகி மருத்துவமனைக்குப் போகும்போது, இது சிறுநீரில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ‘நேற்று இப்படி இல்லையே’ என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே நின்றிருக்கும். பேச முடியாத, பெருமூளை வாதமும் வலிப்பும் உள்ள முப்பது வயதுக்காரருக்கும் இதே கதைதான். பல்வலியால் தலையை முட்டிக்கொள்வதை அவருடைய இயல்பு என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

குடும்பமே பார்ப்பது

முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. மகளுக்குப் புருவம் சுருங்குவதிலேயே வலி தெரியும். இரண்டாவது கேள்விக்கு இதைவிட மோசமான பதிலும் கிடையாது. மாற்று ஆளே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்யும் ஆட்களை வைத்துப் பார்த்தால் நாலு பேர் போட்டும் எட்டு மணி நேரம் மிச்சம் நிற்கும். விடுப்பு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் வேண்டும். அதைத்தான் ஒரு மகளோ மனைவியோ ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருக்கிறார். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைப் படுக்கைப் புண் வராமல் காக்க வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொல்வார்கள். இரவிலும் அப்படியே. ஒரு மாதம் செய்யலாம். ஒரு வருடம் செய்தால் பார்ப்பவரின் முதுகு போய்விடும், தூக்கம் போய்விடும், வேலையும் பெரும்பாலும் போய்விடும். மாற்றுத்திறனுள்ள பிள்ளையை ஐம்பது வயதுவரை வளர்த்த தாய்க்கு எண்பது ஆகும்போது, அவர் ஒரு நாள் வழுக்கி விழுந்தால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

அப்புறம், கவனிக்கப்படுபவரின் மனசு. பெரியம்மாவிடம் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேள்விகளைக் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னது, மகன் தன்னைக் குளிப்பாட்டக் கூடாது என்பது. அண்ணன் பாசத்தோடு செய்துகொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு அது கூச்சமாக இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் அதுவரை கேட்கவில்லை.

குடும்பப் பராமரிப்புக்கு அரசு பணம் கொடுக்க வேண்டுமா என்பதில் இரண்டு நாடுகள் எதிரெதிர் வழிகளில் போயிருக்கின்றன. ஜெர்மனியில் 1995இல் பராமரிப்புக் காப்பீடு வந்தது. சேவையாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது கையில் பணமாக வாங்கலாம். இரண்டையும் கலந்தும் எடுக்கலாம். பணமாக வாங்கினால் சேவையின் மதிப்பில் பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் வீட்டில் கவனிக்கப்படுபவர்களில் மிகப் பலர் பணத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜப்பான் 2000 ஏப்ரலில் இதுபோன்ற காப்பீட்டைத் தொடங்கியபோது, பணம் வேண்டாம், சேவை மட்டும் என்று முடிவு செய்தது. பணம் கொடுத்தால் மருமகள்களையும் மகள்களையும் அந்தப் படுக்கையோடு கட்டிப்போட்டுவிடும் என்று பெண்கள் அமைப்புகள் வாதாடின.

தேவை எளிதாக இருக்கும்வரை ஜெர்மனியின் வழி நல்லது என்று நினைக்கிறேன். தேவை சிக்கலாகிவிட்டால் நான் ஜப்பான் பக்கம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து திருப்பிப் படுக்க வைக்க இன்னொரு ஆள்தான் வேண்டும், அக்காவின் கணக்கில் ஏறும் பணத்தால் அது ஆகாது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஜெர்மனி பணத்தோடு நிற்பதில்லை. பார்த்துக்கொள்பவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஆளுக்குச் செலவு கொடுக்கிறது. வீட்டில் கவனிக்கும் உறவினருக்கு ஓய்வூதியப் பங்கும் செலுத்துகிறது. குடும்பம்தான் பார்க்கப்போகிறது என்று முடிவெடுப்பவர்கள் முதல் நாளே ஏற்பாடு செய்ய வேண்டியது அந்த மாற்று ஆளைத்தான்.

ஏஜென்சி மூலம் ஆள் வருவது

எங்கள் இரண்டாவது ஏற்பாடு இது. ஆள் வராவிட்டால் வேறொருவரை அனுப்புவது ஏஜென்சியின் பொறுப்பு. தூக்கும் கருவியை எப்படிக் கையாள்வது, சிறுநீர் வடியும் கதீட்டர் குழாயின் பையை எப்படி மாற்றுவது என்று பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில். முதல் கேள்வியில்தான் உடைந்தது.

ஒரே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்பது பேர் வந்து போனார்கள். பெரியம்மா இடக்கையை ஒருமுறை அழுத்தினால் ஆம், இரண்டுமுறை அழுத்தினால் இல்லை. இதை ஒன்பது பேருக்கும் சொன்னோம். பாதிப் பேருக்குக் கையைப் பிடித்துக் காத்திருக்க நேரமில்லை; அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அவருடைய தலைக்கு மேலாக எங்களிடம் பேசினார்கள். ‘சாப்பிட்டாங்களா? தூங்கினாங்களா?’ ஒரு நாள் புதிதாக வந்தவர் பொடி கலக்காத தண்ணீரைக் கொடுத்துவிட்டார். புரை ஏறி, முகம் நீலம் பாரித்து, எப்படியோ தப்பினார். அந்தப் பெண் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவருக்கு அந்த விவரம் எழுதிய தாளைக்கூட யாரும் கொடுத்திருக்கவில்லை.

இந்த முறையே தவறு என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய பூர்ட்ஸோர்க் அமைப்பில், ஒரு பகுதிக்கு அதிகபட்சம் பன்னிரண்டு பேர் கொண்ட நர்ஸ் குழு. மேலே மேலாளர் கிடையாது. யார் எப்போது போவது என்று குழுவே முடிவு செய்கிறது. ஊசி போடுபவரே உடம்பும் துடைத்துவிடுவார், மருத்துவரிடமும் அவரே பேசுவார். வேலையை நறுக்கி நறுக்கி ஆளுக்கொன்றாகக் கொடுப்பதைவிட, சிக்கலான தேவைக்கு இதுதான் பொருந்துகிறது. ஆகவே ஏஜென்சியிடம் பேசும்போது, ஒரு முறைக்கு எத்தனை நிமிடம் என்பதோடு, மாதத்தில் மொத்தம் எத்தனை முகங்கள் வரும் என்றும் கேளுங்கள். மூன்று, நாலு என்றால் மேலே பேசலாம். சொல்ல முடியாது என்றால், பேசத் தெரிந்த, தன் தேவையைத் தானே சொல்லக்கூடிய ஒருவருக்கு வேண்டுமானால் அது சரிவரும்.

சொந்த உதவியாளரை வைத்துக்கொள்வது

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் வீட்டுக்கு ஆள் போடுவதுதான். உள்ளே எல்லாமே வேறு. யாரை வைப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது, இன்று குளிப்பதா வெளியே போவதா என்பதையெல்லாம் கவனிப்பைப் பெறுபவரே முடிவு செய்கிறார். இதைக் கண்டுபிடித்தவர்கள் மாற்றுத்திறனாளிகளே. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தில் வாழ்ந்த எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சுயேச்சை வாழ்வு மையத்தை நிறுவினார்கள். அந்த எண்ணத்தை ஸ்வீடனுக்குக் கொண்டுபோனவர் அடோல்ஃப் ராட்ஸ்கா. 1980களில் ஸ்டாக்ஹோமில் அவர் முன்னின்று உருவாக்கிய ஸ்டில் என்ற கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர்களே தங்கள் உதவியாளர்களுக்கு முதலாளிகள். 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை அங்கே உரிமையாக்கியது: குளிப்பது, உடுப்பது, உண்பது போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டுமென்றால் தேசிய அளவிலான காப்பீடே செலவை ஏற்கும்.

முதல் கேள்விக்கு இது குடும்பத்துக்கு அடுத்தபடி நிற்கிறது. சில விஷயங்களில் குடும்பத்தைவிட மேல் என்றும் சொல்வேன். படிக்க, வேலைக்குப் போக, காதலிக்க விரும்பும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அம்மாவின் துணை தடையாகிவிடும். தான் சம்பளம் கொடுக்கும் உதவியாளரோ வாசலில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னால் வருவார்.

சுமை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஆள் தேடுவது, சம்பளக் கணக்கு, விடுப்பு, ஒத்துவராதவரை நிறுத்துவது எல்லாம் உங்கள் தலையில். இங்கிலாந்து 1996இல் சட்டம் இயற்றி, சேவைக்குப் பதிலாகப் பணமாக வாங்கி உதவியாளரை வைத்துக்கொள்ளும் வழியைத் திறந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது 2000இல்தான் வந்தது. அதன் அடுத்த கட்டமாக, ஒருவருக்கு எவ்வளவு பணம் என்று முன்பே சொல்லி, அதை எப்படிச் செலவிடுவது என்பதை அவரிடமே விடும் தனிநபர் வரவு செலவு முறையை அங்கே 13 உள்ளாட்சிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த மதிப்பீடு கவனிக்க வேண்டியது: உடல் குறைபாடுள்ள இளையவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. முதியவர்களின் மனநலமோ வழக்கமான சேவை பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

முதியவர்களுக்குத் தேர்வு செய்யும் உரிமையே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுக்கு வருபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதியவர் இந்த முடிவுக்கு வருவது பெரும்பாலும் விழுந்து அடிபட்ட பிறகு அல்லது துணையை இழந்த பிறகு. அந்த நேரத்தில் கையில் பணத்தையும் படிவத்தையும் கொடுத்து ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் யாருக்கும் மனம் வாடும். முதலாளி வேலையை ஒரு சங்கமோ அமைப்போ ஏற்று, யார் வேண்டும், எப்போது வேண்டும் என்பதை மட்டும் முதியவரிடம் விட்டால் கதை மாறும். பேச முடியாதவருக்கும், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கும் இது பொருந்தும். அவரை நன்கறிந்த ஒருவர் அவருடைய விருப்பத்தைப் பார்த்து, ஊகித்து, சரிபார்த்து உதவியாளர்களை வழிநடத்த வேண்டும், அவ்வளவுதான். ஸ்வீடனின் சட்டத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 65 வயதை ஒட்டிய வரம்புக்கு முன் அனுமதி பெற்றவர்தான் இந்த உரிமையை அதற்குப் பின்னும் தொடர முடியும். அதைத் தாண்டியபின் பக்கவாதம் வந்தவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். உடம்பின் தேவை அதேதான், பிறந்த வருடம் மட்டும் வேறு.

இல்லம்

இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுவதாக நினைத்துக் குற்ற உணர்ச்சியில் ஒடிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்க இரண்டு பேர் தேவைப்படுபவர், இரவில் பலமுறை சளி உறிஞ்ச வேண்டியவர், நடுஇரவில் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடுபவர் ஆகியோருக்கு, விழித்திருக்கும் நர்ஸ் ஒருவர் நடந்து எட்டும் தூரத்தில் இருப்பது பெரிய பாதுகாப்பு. ஆள் வராவிட்டால் என்ன என்ற கேள்விக்கு இல்லம்தான் உறுதியான பதில் சொல்கிறது.

அதற்கு விலையும் உண்டு. நேர அட்டவணை நிறுவனத்துடையது. ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்புவார்கள், ஏனென்றால் ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, எங்கே, யாருடன் வாழ்வது என்று மற்றவர்களைப் போலவே தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இல்லத்தை நிர்ப்பந்தமாக்குவது தவறு. விரும்பிப் போகிறவருக்கு நல்ல இல்லம் இல்லாமல் வைத்திருப்பதும் தவறுதான்.

நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது பெரும்பாலும் அளவு. நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் உள்ள ஹோகவெய்க், டிமென்ஷியா முற்றியவர்களுக்கான குடியிருப்பு. ஆறேழு பேருக்கு ஒரு வீடு, அந்த வீட்டிலேயே சமையல், துவையல், வெளியே நடக்கத் தெருவும் தோட்டமும். அமெரிக்காவில் மிசிசிப்பியின் டுபெலோவில் 2003இல் தொடங்கிய கிரீன் ஹவுஸ் இல்லங்களும் பத்துப் பேர் அளவிலான வீடுகள்தான். ஒரே ஊழியர்கள் அதே சிலரை நாள்தோறும் பார்ப்பதால், இங்கே முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை போங்கள். வார நாள் காலையில் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வேளை உணவு முடியும்வரை உட்கார்ந்திருங்கள். ஊட்டிவிடுபவர் நின்றுகொண்டே ஊட்டுகிறாரா, உட்கார்ந்து முகம் பார்த்து ஊட்டுகிறாரா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்களில் நர்ஸ் உண்டா? போன வருடம் எத்தனை ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள்? கடைசியாக ஒரு கேள்வி, இதைப் பலர் கேட்பதில்லை: எந்த நிலை வந்தால் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டு போகச் சொல்வீர்கள்? சத்தம் போட்டால், அடித்தால் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லும் இடம், தேவை கூடும்போது கைவிடும் இடம்.

ஐந்தாவது வழி ஒன்று உண்டு, அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு முக்கியமாக: இரண்டு மூன்று பேர் சேர்ந்து தங்கள் பெயரிலேயே வாடகைக்கு வீடு எடுத்து, கவனிப்பை வேறு அமைப்பிடமிருந்து பெறுவது. வீட்டு உடைமைக்காரரும் கவனிப்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும். அப்போதுதான் கவனிப்பு பிடிக்கவில்லை என்றால், வீட்டை இழக்காமல் ஆட்களை மாற்ற முடியும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்

இளையவர், தன் வாழ்க்கையை நடத்தும் விருப்பம் உள்ளவர் என்றால், உடம்பு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் சொந்த உதவியாளர்தான் என் முதல் தேர்வு. பேச முடியாத முதியவருக்கும் அதுவே, முதலாளி வேலையை ஏற்க ஓர் அமைப்பு கிடைத்தால். அது கிடைக்காவிட்டால், மூன்று நாலு முகங்களுக்குள் வரும் ஏஜென்சியும் குடும்பமும் கலந்த ஏற்பாடு. இரவில் மருத்துவத் தேவை கூடிவிட்டால் சிறிய இல்லம், உறவினர் அடிக்கடி போய்வரும் தூரத்தில். ஒற்றை ஆளாகக் குடும்பமே பார்ப்பது என்பதை எந்த நிலையிலும் சில வாரங்களுக்குமேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும், எல்லா இழைகளையும் கையில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். ஜப்பானில் காப்பீட்டின் கீழ் வரும் முதியவருக்குப் பராமரிப்பு மேலாளர் ஒருவர் திட்டம் போட்டு, மாதாமாதம் பார்த்து, மாற்றுகிறார். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் குடும்பத்தில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலையிலிருந்து அவருக்கு அந்த அளவுக்கு விடுதலையும் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

முதல் வேலையாக ஒரு பக்கத்தில் ஒரு தாள் எழுதினேன். இடக்கை அழுத்தல், தண்ணீரின் கெட்டித்தன்மை, வலி வந்தால் முகம் எப்படிப் போகும், வலிப்பு எத்தனை நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ், காலையில் எட்டு மணிக்கு முன் எழுப்பக் கூடாது. கடைசி வரி பெரியம்மாவே தேர்ந்தெடுத்தது. இரண்டு வாரம் ஓர் இல்லத்தில் தங்கிப் பார்த்தார். பிடிக்கிறதா என்று கேட்டபோது இரண்டுமுறை அழுத்தினார். இப்போது வீட்டில் மூன்று உதவியாளர்கள் மாறி மாறி வருகிறார்கள். அக்கா வாரத்தில் இரண்டு இரவுகள், அண்ணன் ஓர் இரவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பேசுகிறோம். அடுத்த முறை பேசப்போவது அக்காவும் அண்ணனும் பார்க்கும் இரவுகளுக்கும் ஆள் போடுவதைப் பற்றி. அக்காவுக்கு முதுகுவலி தொடங்கிவிட்டது.